அசையாதீங்க அக்கா

“தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. இன்னும் கொஞ்சம். அய்யய்யோ, அவ்வளவு வேணாம், தரையில என்ன தொலைச்சீங்க?” என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் அந்த மனிதரின் முகவாயைப் பிடித்து, கடையில் பழத்தைத் திருப்பிப் பார்ப்பது போல ஒரு திருப்புத் திருப்புகிறார் அக்கா. பின்னால் போய்க் கேமராவுக்குள் பார்க்கிறார். திருப்தி இல்லை. மறுபடி முன்னால் வந்து, காதை மறைத்த முடியை ஒதுக்கிவிடுகிறார். “சிரிக்காதீங்க. சிரிச்ச மூஞ்சியை அந்த ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. மூச்சு விடலாம், தப்பில்லை. ஆனா அசையாதீங்க.”

இந்த ‘அசையாதீங்க’ ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வரும். கடைப் பலகையில் வேறு என்னவோ பெயர் இருக்கிறது. தெருவில் அதைப் படித்தவர்கள் யாரும் இல்லை. “அசையாதீங்க அக்கா கடையில போய் எடுத்துட்டு வா, அஞ்சு நிமிஷத்துல குடுத்துடுவாங்க” என்றுதான் வழி சொல்கிறார்கள். எதிரே இருக்கும் அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் பயணச் சான்றுக்கும் விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் இந்தக் கடைக்குள் ஒரு தடவை வந்துதான் ஆக வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடம்தான் கடை. ஒரு முக்காலி. பின்னால் வெள்ளைத் துணி. கயிற்றில் கட்டிய சீப்பு, ஏனென்றால் கட்டாத சீப்புகள் எல்லாம் யாருடைய சட்டைப்பையிலாவது போய்விட்டன. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்குகிறது. கோட்டு என்று முழுதாகச் சொல்ல முடியாது. முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்பக்கம் இரண்டு கிளிப். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் கை நுழைக்காமல் அதை மார்பில் வைத்துக்கொள்வார்கள். அக்கா பின்னால் இழுத்துக் கிளிப் போடுவார். கீழே கைலி இருந்தாலும் படத்தில் அதிகாரி மாதிரி இருப்பார்கள்.

“கழுத்துக்குக் கீழ மனுஷனே கிடையாதுன்னு அந்த ஆபீஸ்காரங்க முடிவு பண்ணிட்டாங்க” என்பார் அக்கா. “வாரத்துல ஆறு நாள் நானும் மூஞ்சியை மட்டும் எடுக்குறேன். ஞாயித்துக்கிழமைதான் மிச்சத்தை எடுக்குறேன்.”

மிச்சத்தை எடுப்பதற்குக் கேமரா கிடையாது. அதுதான் இவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய விஷயம்.

அக்காவின் அண்ணன் முன்பு வீட்டு வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அங்கே வரைபடத்துக்கு நகல் எடுக்கிற நீலத் தாள் உண்டு. வெயில் பட்டால் நீலமாகும், மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். ஒரு நாள் அண்ணனைப் பார்க்கப் போனவர் ஜன்னலோரம் அந்தத் தாளின் மேல் கையை ஊன்றி அரை மணி நேரம் கதை பேசியிருக்கிறார். எழுந்தபோது கை தாளிலேயே இருந்தது. ஐந்து விரல், மோதிரத்தின் மேடு, மணிக்கட்டில் தொங்கிய நூல்கூட. அண்ணன் தாள் வீணாகிப் போச்சு என்று கத்தினார். இவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அப்புறம் பல வருடம் கழித்து, கல்யாணம் ஆகி, கடையும் வைத்த பிறகு, அந்தத் தாளுக்குப் பூசும் மருந்து என்ன என்று தேடினார். பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குச் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. ஒன்று பச்சைத் தூள், ஒன்று சிவப்புத் தூள். தண்ணீரில் கலந்து தாளில் பூசினார். தாள் போதவில்லை. கை விழுந்தது, கால் விழுந்தது, முழு ஆள் விழவில்லை. “ஆளைத் துண்டு துண்டா எடுத்தா அது ஃபோட்டோவா, கறிக்கடையா?” என்று கேட்டுவிட்டு, வீட்டிலிருந்த இரட்டைப் படுக்கை விரிப்பை எடுத்து மருந்தில் முக்கினார். அன்றிலிருந்து ஆறு வருடமாக விரிப்புதான்.

சனிக்கிழமை சாயங்காலம் குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, விரிப்பை நனைத்துக் கொடியில் போட்டுவிடுவார். அது காயும்வரை வீட்டில் யாரும் குளிக்கக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அவர் கணவருக்கு உடம்பெல்லாம் கிரீஸ். அவர் சனிக்கிழமை வேலை முடிந்து, ஏதாவது ஓர் அடுக்குமாடிக் காவலாளியிடம் சொல்லி அங்கேயே குளித்துவிட்டு வருவார். “ஊர்ல எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குளிப்பாங்க. நான் குளிச்சுட்டு வீட்டுக்குப் போறவன்” என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மாமியாருக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. முதல் முதலில் படுத்தது அவர்தான், ஏனென்றால் வேறு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் மதில் மேல் சாய்ந்துகொண்டு சொன்னாராம்: “உயிரோட இருக்கறப்பவே என்னை வெள்ளைத் துணியில படுக்கப் போட்டுப் பார்க்குறா என் மருமக. அவசரம்!” ஆனால் துணியைக் கழுவி, நீலத்துக்கு நடுவே தன் உருவம் வெள்ளையாக எழுந்து வந்ததைப் பார்த்ததும், “இவ்வளவு உயரமாவா இருக்கேன்?” என்று கேட்டுவிட்டு, அன்றைக்குப் பூராவும் நிமிர்ந்தே நடந்தார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால்தான் இடம். காலை பத்து மணி. நட்ட நடு வெயில் அக்காவுக்கு ஆகாது. அது உடம்பின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டினது போல விட்டுவிடும். பத்து மணி வெயில் சாய்ந்து வரும், உடம்புக்கு அடியில் புகுந்து பார்க்கும். கழுத்துக் குழியில், இடுப்பு வளைவில், முழங்காலுக்குக் கீழே, எங்கெல்லாம் உடம்பு தரையைத் தொடாமல் தூக்கி நிற்கிறதோ அங்கெல்லாம் மங்கலாக நீலம் ஏறும். விரிப்பின் மேல் மெல்லிய கண்ணாடித்தாள், மருந்து தோலில் படாமல் இருக்க. படுத்தவர் மேல் கறுப்புக் கம்பளி. கணவரும் அவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினால் கணக்கு ஆரம்பம். பதினைந்து நிமிடம்.

“கேமரா ஒரு நொடியில திருடிட்டு ஓடிடும். இது பதினஞ்சு நிமிஷம் உக்காந்து கேட்டு வாங்கும்” என்பது அக்காவின் விளக்கம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். மூச்சு விட்டால் வயிற்றின் ஓரம் இரண்டு கோடாக விழும். ஒருவர் தூங்கிவிட்டார், அவர் உள்ளங்கை மட்டும் பூ மாதிரி விரிந்து விழுந்தது. ஒரு காதல் ஜோடி சேர்ந்து படுத்து, நடுவில் சண்டை போட்டு, இருவர் உருவத்துக்கும் இடையே ஒரு சாண் நீலத்தோடு எழுந்து போனார்கள். தொளதொளச் சட்டையோடு படுத்தால் மூட்டை மாதிரி விழும் என்று அக்கா நாடாவால் கையையும் இடுப்பையும் கட்டிவிடுவார். துணியில் எலுமிச்சைச் சாறு தெளித்துப் பார்த்தார், தண்ணீர் தெளித்துப் பார்த்தார், கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பி அடித்துப் பார்த்தார். ஒரு தடவை மருந்தில் அளவு மாறி, தபால்காரர் பச்சையாக வந்தார். “கீரைக்கட்டு மாதிரி இருக்கேனே அக்கா” என்றார் அவர். அதையும் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்.

எல்லோருக்கும் பிடித்தது அதற்குப் பிறகு வருவதுதான். பெரிய தொட்டியில் துணியை அலசி, ஈரத்தோடு விரித்து, அக்கா அதைப் படிப்பார். ஆமாம், படிப்பார். “இங்க பாருங்க, வலது தோள் தரையிலயே படலை. நீலம் உள்ள போயிருக்கு பாருங்க. கத்தரி பிடிச்சுப் பிடிச்சு அந்தத் தோள் தூக்கிக்கிச்சு. இது உங்க தொழில் போட்ட கையெழுத்து” என்று முடிதிருத்துகிறவரிடம் சொன்னார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் தோளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசினது இல்லை. தபால்காரருக்கும் வலது தோள்தான், பை மாட்டுகிற பக்கம். மாமியாருக்கும் வலது தோள், குழந்தைகளைத் தூக்கி வளர்த்த பக்கம். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர் இடது கைக்காரர். அவருக்கும் வலது தோள் தூக்கி இருந்தது. அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “எல்லா வேலையும் இடது கைதான் பாக்குது. வலது தோள் சும்மா இருந்து இருந்து மேல ஏறிடுச்சு!”

கெட்டுப் போனவை போக, இப்படிப் பதினான்கு விரிப்புகள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதி வைத்தார். யார், என்ன வேலை, உடம்பு என்ன சொல்கிறது. இந்த வருடம்தான் பொது நூலகத்தின் நூலகர், இவற்றை மாட்டிக் கண்காட்சி வைக்க நாளிதழ் படிக்கும் கூடத்தின் நீளச் சுவரை ஒரு வாரத்துக்குக் கொடுக்கிறேன் என்றார். அறிவிப்புத் தாள்கூட அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். அக்கா அந்தத் தாளில் ஒன்றைக் கடையில் கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். முகப்படம் எடுக்க வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்தபடியே இருக்க, “நேரா பாருங்க, நேரா பாருங்க” என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அளவு பார்ப்பதற்காகப் பத்து நாள் முன்னதாகப் பதினான்கையும் நூலகத்துக்கு எடுத்துப் போனார்கள். இத்தனை வருடத்தில் அவற்றைச் சேர்த்து விரித்ததே இல்லை. அலமாரியில் மடிப்பாகவே இருந்தவை. கூடத்தின் தரையில் வரிசையாக விரித்தார்கள். நூலகர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். நல்ல மனிதர், பாராட்டத்தான் வாயைத் திறந்தார்.

“பிரமாதம். எல்லாரும் ஒரே பஸ்ல நின்னுக்கிட்டு, பஸ் வளைவுல திரும்புற மாதிரி இருக்குல்ல?”

அக்கா சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பதினான்கு பேரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள். பதினான்கு வலது தோளும் தூக்கி இருந்தன.

வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் நேரே மாடிக்குப் போனார். தொட்டியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு, எப்போதும் விரிப்புப் போடும் இடத்தின் நடுவில் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணம் நின்றது. பிறகு வழி தெரிந்த ஆள் போலக் கிளம்பி, இடது பக்கமாக ஓடி, மூலையிலிருந்த குழாய்க்குள் போய் விழுந்தது.

ஆறு வருடமாக, ஆள் கிடைத்த ஞாயிறெல்லாம், துணி அலசிய தண்ணீர் அதே வழியில் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். தண்ணீரைத்தான் பார்த்தார். தளத்தைப் பார்க்கவில்லை.

கணவர் வந்ததும் கேட்டார். “என்னங்க, இந்த மாடி சாஞ்சிருக்கா?”

“சாயாம? தண்ணி ஓட வேணாமா? கூரை ஒழுகுது, மெத்தை நனையுதுன்னு நீதானே ஒரு மாசம் தொண தொணன்ன. கொத்தனார்கிட்ட நின்னு நான்தான் வாட்டம் போடச் சொன்னேன். எட்டடிக்கு ரெண்டரை இன்ச்.”

“அப்ப மேல படுக்குற ஆளு?”

கணவர் காலுறையைக் கழற்றுவதில் ரொம்ப மும்முரமானார்.

“உங்களைத்தான் கேக்குறேன். மேல படுக்குற ஆளு இடது பக்கமா உருளுவாரா மாட்டாரா? வலது தோள் தூக்குமா தூக்காதா?”

“கொஞ்சம் தூக்கும்.”

“எப்ப தெரியும்?”

“மொத வருஷமே. அம்மா துணியைப் பார்த்தப்பவே.” ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். “நான் லிஃப்ட்காரன். நூல் அளவு சாஞ்சாலும் என் கண்ணுக்குப் படும். சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அந்தத் துணியைப் பிடிச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சுட்டு நின்ன. நீ சந்தோஷமா இருந்தடி. எப்படிச் சொல்றது?”

“எனக்குச் சந்தோஷம் யாரு கேட்டா? எனக்கு மட்டம் வேணும்!”

உள்ளே இருந்து மாமியாரின் குரல் வந்தது. “அப்ப நான் பிள்ளைங்களைத் தூக்கி வளர்த்தது பொய்யா?”

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் கடை மத்தியானத்தோடு சாத்தியிருந்தது. அக்கா பதினான்கு அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போனார். கடிதம் எழுதலாம், ஃபோனில் சொல்லலாம் என்று கணவர் சொன்னார். “படுக்க வச்சு முகத்தைப் பார்த்துதானே சொன்னேன். நேர்ல போய்த்தான் வாபஸ் வாங்கணும்” என்றுவிட்டார்.

தபால்காரர் சிரித்தார். ஓவியர், “நல்லவேளை, எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு” என்றார். முடிதிருத்துகிறவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. தன் உருவத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, சட்டம் போட்டு, கண்ணாடிக்கு மேலே மாட்டி வைத்திருந்தார். நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் அந்தத் தோளின் கதையைச் சொல்லியாயிற்று.

“சும்மா இருங்க அக்கா. தளம் சாஞ்சா என்ன, மலையே சாஞ்சா என்ன. என் தோள் என் தொழில்ல தூக்கினதுதான். இப்பப் போய் இல்லைன்னு சொன்னா என் மானம்தான் சாயும்.” நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்த ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா அட்டையைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். முடிதிருத்துகிறவர் அதைக் குனிந்து பொறுக்கி, இரண்டு துண்டையும் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியாகத் தையல்காரப் பெண்ணிடம் போனார். அக்காவைவிட எட்டு வயது சின்னவள். தனியாகக் கடை நடத்துகிறவள். அளவில் பிசகினது இல்லை என்று பெயர் எடுத்தவள். நான்கு வருடம் முன்பு வந்து படுத்தாள். இயந்திரத்தில் துணியைத் தள்ளித் தள்ளி வலது தோள் உயர்ந்துவிட்டது என்று அக்கா அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார். அன்று அவள் “சரிங்க அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அக்கா தளத்தின் கதையைச் சொல்லி முடித்தபோது, தையல்காரப் பெண் ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினாள்.

“இங்க தொட்டுப் பாருங்க அக்கா.”

அக்காவின் கையைப் பிடித்துத் தன் இடது தோளில் வைத்தாள். சட்டைக்கு உள்ளே கட்டை விரல் கனத்துக்கு ஏதோ மெத்தென்று இருந்தது.

“பஞ்சு. வலது பக்கம் ஏறி இருக்கே, இந்தப் பக்கம் சமமா இருக்கட்டும்னு நானே வச்சுத் தைச்சது. நாலு வருஷமா என் சட்டை எல்லாத்துலயும் இருக்கு. வீட்டுல போடுற பழைய சட்டையிலகூட. தங்கச்சி கல்யாண ஃபோட்டோவுல பாருங்க, ஒண்ணுலகூட நேரா நிக்க மாட்டேன். பக்கவாட்டுலதான் நிப்பேன்.”

அக்கா கையை எடுக்காமலே கேட்டார். “நீ ஊருக்கே அளவு எடுக்குறவ. உன் தோளை ஒரு தடவை அளந்து பார்க்கலையாம்மா?”

“பார்த்தேன். ரெண்டும் ஒண்ணாதான் இருந்துச்சு. டேப்பு பழசாகி இழுத்துக்கிச்சுன்னு நினைச்சு, புது டேப்பு வாங்கினேன். அதுவும் அதையேதான் சொல்லுச்சு.” அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. “என்ன பண்றது, ஃபோட்டோ அக்கா. ஃபோட்டோ பொய் சொல்லுமான்னு டேப்பைத் தூக்கிப் போட்டுட்டேன்.”

அக்கா அவள் தோளிலிருந்து கையை எடுத்தார். இருபது வருடமாக ஃபோட்டோ எடுக்கிறவர். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு கனம் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அட்டையை எடுத்து அவளிடமே கொடுத்தார். அவள் வாங்கிப் படிக்காமல் கத்தரிக்கு அடியில் வைத்தாள்.

“துணியை மாட்டவா, வேணாமா? நீ சொன்னபடி செய்யுறேன்.”

“தெரியலை அக்கா. இப்பப் போங்க. ஆளுங்க வர்ற நேரம்.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். “அவ திரும்ப வந்து படுத்தாதான் நான் மாட்டுவேன். இல்லைன்னா ஒண்ணும் வேணாம்.”

“நோட்டீஸ் ஒட்டிட்டாங்களே?”

“வர்றவங்க சுவரைப் பார்த்துட்டுப் போகட்டும். சுவராவது நேரா இருக்கு.”

‘ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. மட்டமான தளம். இஷ்டம் இருந்தா வா’ என்று ஒரு சீட்டு எழுதித் தையல் கடைக்கு அனுப்பினார். வேறு ஒன்றும் எழுதவில்லை. பதில் வரவில்லை. திங்கட்கிழமை காலை நூலகத்தில் கண்காட்சி திறக்க வேண்டும்.

அந்த வாரம் கணவர் தினமும் வேலையிலிருந்து ஏதாவது ஒரு பலகையோடு வந்தார். மாடியில் தொட்டிக்கு முன்னால் ஒட்டுப்பலகைகளைச் சேர்த்து, இடது பக்கத்துக்கு அடியில் ஆப்பு அடித்து, குமிழி ஓடுகிற ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தார், அகலவாக்கில் வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். ஒரு காகிதத் துண்டை அடியில் செருகுவார், குனிந்து பார்ப்பார், உருவிவிடுவார். மாமியாரைப் படுக்க வைத்து, “உருளுற மாதிரி இருக்காம்மா?” என்று கேட்டார். “தூக்கம் வர்ற மாதிரி இருக்கு” என்றார் மாமியார். அக்கா அவரிடம் அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், அவர் குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு வந்தபோது, துண்டை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து ஆயிற்று. பலகையின் மேல் விரிப்பு, விரிப்பின் மேல் கறுப்புக் கம்பளி. பத்தே கால். வெயில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டிருந்தது. கணவர் எதற்கோ மறுபடி ரசமட்டத்தை எடுத்துப் பார்த்தார். அக்கா படிக்கட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. தொட்டியில் நிறைந்திருந்த தண்ணீரை மறுபடி நிறைத்துக்கொண்டிருந்தார்.

பத்து நாற்பதுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தையல்காரப் பெண் புதுச் சட்டை போட்டிருந்தாள். ஒட்டினாற்போல, அளவாக, நேற்றோ முன்தினமோ தைத்தது. தோள் இரண்டிலும் வெறும் துணிதான்.

“நேரமாயிடுச்சா அக்கா?”

“படும்மா.”

படுத்தாள். ஓர் இழுப்பில் கம்பளி போயிற்று. கணவர் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடத்தை எண்ணினார். தையல்காரப் பெண் கண்ணை மூடியிருந்தாள். வயிறு மட்டும் ஏறி இறங்கிற்று. மஞ்சளாக இருந்த துணி அவளைச் சுற்றிப் பச்சையாகி, சாம்பல் நிறமாகி, கறுத்துக்கொண்டே போயிற்று.

கம்பளியைப் போர்த்தி, அவளை எழுப்பிவிட்டு, துணியைத் தொட்டித் தண்ணீரில் இறக்கினார் அக்கா. ஒரு முறை அலசினார். இரண்டாம் முறை. மஞ்சள் கரைந்து போகப் போக, நீலத்துக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு பெண் வந்தாள். கணவர் எட்டிப் பார்த்தார். மாமியார் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். தையல்காரப் பெண் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, துணியைப் பார்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன அக்கா சொல்லுது?”

அக்கா தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு கொடியிலிருந்து இரண்டு துணி கிளிப்பை உருவி, உதடுகளுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டார். துணியின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, அவளே படிக்கட்டும் என்று உருவம் அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி, மெல்ல உயர்த்திப் பிடித்தார்.